புளிப்பும் துவர்ப்பும்

புதுக்கோட்டை மாவட்டத்துச் சமையலை உலகத்துக்குக் காட்டிய ஊர் சின்ன வீரமங்கலம். 2018-ல் அங்கே ஒரு தாத்தாவும் பேரன்மாரும் சேர்ந்து தொடங்கிய 'வில்லேஜ் குக்கிங் சேனல்' 2021 ஜூலையில் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்டது. தமிழ் யூடியூபில் அந்த எண்ணிக்கையை முதலில் எட்டியவர்கள் அவர்கள்தான். வயல்வெளியில் அடுப்புக் கூட்டி அண்டா அண்டாவாகக் கறியும் மீனும் நண்டும் வேகிறதைப் பார்த்துவிட்டு, இந்தப் பக்கத்து ஆட்கள் விடிந்தால் கிடாய் வெட்டுகிறவர்கள் என்று வெளியூரில் ஓர் எண்ணம் வந்துவிட்டது. ஆனால் அந்தச் சேனலில் நாடு முழுக்கப் பேசப்பட்ட வீடியோ ஒன்று உண்டு. 2021 ஜனவரியில் ராகுல் காந்தி வந்து அவர்களோடு பாயில் உட்கார்ந்து சாப்பிட்டது. அன்றைக்கு அண்டாவில் வெந்தது காளான் பிரியாணி. விருந்தாளி தன் கையால் செய்தது வெங்காயத் தயிர்ப் பச்சடி. வெங்காயம், தயிர், கல் உப்பு என்று ஒவ்வொன்றையும் தமிழில் பேர் சொல்லிச் சொல்லிக் கலந்தார்.

கறியில்லாத சாப்பாடுதான் எங்கள் ஊரின் வாரநாள் சாப்பாடு. கறி இங்கே ஞாயிற்றுக்கிழமைக்கு உரியது. அப்புறம் காதுகுத்து, கிடாவெட்டு. திங்கள் முதல் வெள்ளி வரை அடுப்பில் ஏறுவது ஒரு குழம்பு, ஒரு ரசம், வாய்த்தால் ஒரு கீரை. கடைசியில் தயிர் அல்லது மோர். இடையிடையே டீ, கூட ஒரு வடை. யாரும் இதை விரதம் என்று நினைத்துச் சாப்பிடுவதில்லை. 'சைவம்' என்று பெருமை பேசுவதும் இல்லை. இருக்கிறதை ருசியாகச் சாப்பிடுகிறார்கள், அவ்வளவுதான்.

இந்த ருசி எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் பதில் இரண்டு சுவையில் அடங்கிவிடும் என்பது என் கட்சி. ஒன்று புளிப்பு, இன்னொன்று துவர்ப்பு. கறி தன் ருசியைத் தானே கொண்டுவரும். அதன் கொழுப்பும் சாறும் போதும். கத்தரிக்காயும் பருப்பும் சோறும் அப்படி இல்லை. அவற்றை எழுப்பி உட்காரவைக்க ஒரு புளிப்பு வேண்டும். புளி, தயிர், மாங்காய், தக்காளி, பழைய சோற்றுத் தண்ணீர் என்று அந்தப் புளிப்பு பல வேஷம் போடும். துவர்ப்பு டீயில் வருகிறது. டீ வருகிற வரைக்கும் புளிப்பைப் பேசலாம்.

முதலில் அந்தப் பச்சடி. வெங்காயத்தில் உப்புப் பட்டதும் அது தண்ணீர் விட ஆரம்பிக்கும். அதனால் பரிமாறுவதற்குச் சற்று முன்னால்தான் உப்புப் போட வேண்டும். முன்கூட்டிப் போட்டால் பிரியாணி ஆறுவதற்குள் பச்சடி மோராகிவிடும். வெட்டின வெங்காயத்தின் காட்டத்தைத் தயிரின் புளிப்பு அடக்கும். மிளகாய்க் காரத்துக்குத் தயிர் நல்லது என்பதற்கும் காரணம் இருக்கிறது. மிளகாயில் எரிச்சல் தருகிற பொருள் தண்ணீரில் கரையாது, கொழுப்பில்தான் கரையும். பாலில் இருக்கும் கேசீன் என்ற புரதமும் அதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும். காரம் ஏறினால் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிக்கிறவர் குடித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். ஒரு வாய் தயிர் போதும்.

தயிரைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். தினமும் வீட்டில் நடக்கிற வேலை. ஆனாலும் 'நேற்று கட்டியாத் தோஞ்சுது, இன்னைக்குத் தண்ணியா நிக்குது, என்னன்னே தெரியல' என்று புலம்பாத வீடு கிடையாது.

பாலில் லாக்டோஸ் என்ற சர்க்கரை இருக்கிறது. நூறு பங்குக்கு ஏறக்குறைய ஐந்து பங்கு. உறை மோரில் இருக்கும் பாக்டீரியாக்கள் இந்தச் சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. புளிப்பு அதுதான். புளிப்பு ஏற ஏற, பாலில் மிதந்துகொண்டிருந்த கேசீன் துணுக்குகள் ஒன்றையொன்று விலக்கும் குணத்தை இழந்து கைகோத்துக்கொள்கின்றன. ஒரு வலை உண்டாகி, பாலில் இருக்கும் தண்ணீர் முழுவதும் அந்த வலைக்குள் மாட்டிக்கொண்டு அசையாமல் நிற்கிறது. கட்டித் தயிர் என்று நாம் சொல்வது பெரும்பாலும் தண்ணீர்தான். ஓடத் தெரியாத தண்ணீர். அதனால்தான் தயிரைக் கரண்டியால் ஒரு தரம் வெட்டி எடுத்தால் பள்ளத்தில் நீர் கசிகிறது. வலை அறுந்த இடம் அது.

இந்த வலை பலமாக இருக்க வேண்டுமென்றால் பாலை நன்றாகக் காய்ச்ச வேண்டும். கொதிக்கும்போது பாலின் இன்னொரு வகைப் புரதம் உருக்குலைந்து கேசீனோடு ஒட்டிக்கொள்கிறது. வலைக்கு அது ஊடுநூல். பாக்கெட்டைக் கத்தரித்து, ஏற்கெனவே சுத்திகரித்ததுதானே என்று லேசாகச் சுடவைத்து உறை ஊற்றினால் தயிர் தளதளவென்றுதான் இருக்கும். பொங்கவிட்டு, அடுப்பைக் குறைத்து, இன்னும் சில நிமிஷம் விட வேண்டும்.

அப்புறம் சூடு. விரலை விட்டால் பொறுக்கிற இளஞ்சூடு. 40 டிகிரி செல்சியஸ் சுமார். அதற்கு வெகு மேலே போனால் உறை மோரின் உயிர் போய்விடும். குறைந்தால் சோம்பேறித்தனமாக வேலை செய்யும். சித்திரை வெயிலில் புதுக்கோட்டையில் காலையில் ஊற்றினால் மதியச் சாப்பாட்டுக்குத் தயிர் தயார். அதையே மறந்து சாயங்காலம் வரை வெளியில் வைத்தால் பல் கூசும். மார்கழியில் அதே வீட்டில், அதே பாத்திரத்தில், ராத்திரி முழுக்கப் போர்த்திவைத்தாலும் காலையில் அரைகுறைதான். ஆகவே உறையின் அளவு மாதத்துக்கு மாதம் மாற வேண்டும். வெயில் காலத்தில் அரை லிட்டருக்குக் கால் ஸ்பூன், பனிக் காலத்தில் ஒன்றரை ஸ்பூன். தோய்ந்தது தெரிந்த உடனே குளிர்ச்சியான இடத்துக்கு மாற்ற வேண்டும். ஃப்ரிட்ஜில் பாக்டீரியா சாவதில்லை, தூங்குகிறது. ஃப்ரிட்ஜ் இல்லாத காலத்தில் இந்த வேலையை மண்சட்டி செய்தது: அதன் நுண்துளை வழியாகக் கசியும் ஈரம் ஆவியாகிச் சட்டியைக் குளிர வைக்கும், தயிரில் மிஞ்சிய நீரையும் சட்டி கொஞ்சம் குடித்துக்கொள்ளும்.

பால் எது என்பதும் முக்கியம். எருமைப் பாலில் கொழுப்பும் புரதமும் பசும்பாலைவிட அதிகம். தயிர் கத்தியால் வெட்டலாம் போல நிற்கும். ஆவின் பாக்கெட்டுகளில் நீலத்தில் கொழுப்பு 3 சதவீதம், பச்சையில் 4.5, ஆரஞ்சில் 6. நீலத்திலும் தயிர் நன்றாகவே தோயும், ஏடு மட்டும் எதிர்பார்க்கக் கூடாது. உறைக்கே மோர் இல்லையென்றால் பச்சை மிளகாய்க் காம்பைப் போட்டு வைக்கிற வித்தை பாட்டிமார்களுக்குத் தெரியும். காம்பின் மேல் ஒட்டியிருக்கும் பாக்டீரியாதான் அங்கே உறை. முதல் ஈடு சுமாராகத்தான் வரும். அதிலிருந்து எடுத்து ஊற்றுகிற இரண்டாவது ஈடு சரியாக இருக்கும்.

உலகத்துக்கு இந்த பாக்டீரியா விஷயம் தெரிந்து நூற்றுச் சொச்சம் வருஷம்தான் ஆகிறது. பல்கேரியாவைச் சேர்ந்த ஸ்டாமென் கிரிகோரோவ் என்ற மருத்துவ மாணவர் ஜெனீவாவில் படித்துக்கொண்டிருந்தபோது, 1905-ல், தன் ஊர்த் தயிரில் இருந்த கிருமியைக் கண்டுபிடித்தார். பாரிஸ் பாஸ்டர் நிலையத்தில் இருந்த மெச்னிகோவ் அதைப் பிடித்துக்கொண்டு, புளித்த பால் சாப்பிட்டால் ஆயுள் கூடும் என்று உலகமெல்லாம் சொன்னார். நோய் எதிர்ப்பு ஆராய்ச்சிக்காக 1908-ல் நோபல் பரிசு வாங்கியவர் என்பதால் அவர் பேச்சுக்கு மதிப்பு இருந்தது. ஐரோப்பாவில் மருந்துக் கடையில் தயிர் விற்ற காலம் அது. அவர் 71 வயதில் காலமானார். தயிர் ஆயுளைக் கூட்டுமா என்பது இன்றுவரை நிரூபணமாகவில்லை. பால் ஒத்துக்கொள்ளாத பலருக்குத் தயிர் ஒத்துக்கொள்கிறது என்பது மட்டும் உறுதி. லாக்டோஸில் ஒரு பங்கை பாக்டீரியா முன்னாலேயே தின்று தீர்த்துவிடுகிறது. கறி மீன் முட்டை எதுவும் தொடாதவர்களுக்கு இன்னொரு பயனும் உண்டு. பி12 என்ற வைட்டமின் காய்கறி, தானியம் எதிலும் கிடைக்காது. பால், தயிர், மோர் வழியாகத்தான் அவர்களுக்கு அது வந்து சேர வேண்டும்.

தயிரை வைத்துச் செய்கிறதில் எனக்குப் பிடித்த தந்திரம் கட்டுச்சோற்றுத் தயிர்சாதம். காலை ஆறு மணிக்குச் சோற்றைக் குழைய மசித்துத் தயிர் விட்டுப் பிசைந்து டப்பாவில் அடைத்தால், மதியம் திறக்கும்போது புளித்து வெறுப்பேற்றும். தெரிந்தவர்கள் பாலை விட்டுப் பிசைவார்கள். தயிர் ஒரே ஒரு ஸ்பூன். மதியம் திறப்பதற்குள் டப்பாவுக்குள்ளேயே சோறு தயிராகத் தோய்ந்திருக்கும். இஞ்சி, பச்சை மிளகாய், கடுகு, பெருங்காயம் தாளித்துக் கொட்டியிருந்தால் போதும். தொட்டுக்கொள்ள மோர் மிளகாய்.

மோர்க்குழம்பு இதைவிடக் கொஞ்சம் பதவிசு கேட்கும். தயிரைக் கொதிக்கவிட்டால் வலை சுருங்கித் திரிந்துபோகும். ஊறின பச்சரிசியும் துவரம்பருப்பும் தேங்காயோடு அரைத்துக் கலப்பது அதற்காகத்தான். மாவுப் பசை புரதத் துணுக்குகளுக்கு நடுவே புகுந்து அவற்றைக் கட்டியாக விடாமல் பார்த்துக்கொள்ளும். ஓரத்தில் நுரை கட்டியதும் இறக்கிவிட வேண்டும். குறுந்தொகை 167-ஆம் பாட்டில் கூடலூர் கிழார் காட்டுகிற புதுப்பெண், தயிர் பிசைந்த விரலைத் துடைத்த சேலையை மாற்றாமல், கண்ணில் தாளிப்புப் புகை பட, புருஷனுக்குச் சமைப்பது ஏறக்குறைய இந்தக் குழம்புதான். அவன் நன்றாக இருக்கிறது என்று சாப்பிட, அவள் முகத்தில் மகிழ்ச்சி லேசாக எட்டிப்பார்க்கும். அவளுக்கும் இறக்குகிற பதம் தெரிந்திருக்க வேண்டும்.

மாடு இல்லாத வீட்டிலும் புளிப்பு இருந்தது. அதற்குப் பேர் பழையது. ராத்திரி மிஞ்சின சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தால் காலைக்குள் அதே லாக்டிக் பாக்டீரியா அங்கேயும் வந்து குடியேறும். மேல் தண்ணீர் நீராகாரம். சின்ன வெங்காயம், ஊறுகாய், கொத்தவரங்காய் வத்தல் என்று வயலுக்குப் போகிறவரின் காலைச் சாப்பாடு அது. சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் குடல் நோய்க்கும் பழைய சோற்றுக்கும் உள்ள தொடர்பை ஆராய்கிற அளவுக்கு இன்று அதற்கு மதிப்பு வந்திருக்கிறது.

எல்லோரும் இதைக் கொண்டாடியதில்லை. இந்த மாவட்டத்தின் பழைய மரக்கறிக்காரர்களான சமணத் துறவிகள் சித்தன்னவாசல் குன்றில் இருந்தார்கள். ஏழடிப்பட்டத்துக் குகையில் அவர்களின் கல்படுக்கைகள் இன்னும் வழவழவென்று இருக்கின்றன. ஒன்றின் மேல் இரண்டாயிரம் வருஷப் பழமையான தமிழி எழுத்து வெட்டியிருக்கிறது. சமண ஒழுக்கத்தில் இரவு தங்கின சோறு கூடாது. நாள்பட்ட தயிரும் கூடாது. காரணம், அவற்றில் உயிர்கள் உண்டாகின்றன என்பது. நுண்ணோக்கி இல்லாத காலத்தில் போட்ட விதி. பழைய சோற்றுப் பானைக்குள் கோடிக்கணக்கில் உயிர்கள் இருக்கின்றன என்று இன்றைக்கு நுண்ணுயிரியல்காரரும் சொல்கிறார். அவர்கள் விலக்கின அதே காரணத்துக்காக நாம் தேடித் தேடிச் சாப்பிடுகிறோம்.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கடுமையானது. பொன்னமராவதிப் பக்கத்து ஒலியமங்கலம்தான் சங்கப் பாடல்களில் வரும் ஒல்லையூர் என்று அறிஞர்கள் அடையாளம் காட்டுகிறார்கள். 'ஒல்லையூர் தந்த' என்ற அடைமொழியோடு வரும் பூதப்பாண்டியன் இறந்தபோது அவன் மனைவி பெருங்கோப்பெண்டு தீயில் இறங்கப் போகிறாள். சான்றோர்கள் தடுக்கிறார்கள். அவர்களுக்கு அவள் சொன்ன பதில் புறநானூற்றில் 246-ஆம் பாட்டாக இருக்கிறது. கைம்பெண்ணாக உயிரோடு இருந்தால் தனக்குக் கிடைக்கப்போகும் சாப்பாட்டை அதில் வரிசையாகச் சொல்கிறாள்: நெய் படாத, இலையில் கிடந்த, கையால் பிழிந்த நீர்ச்சோற்று உருண்டை, வெள்ளை எள்ளுத் துவையல், புளி விட்டு வேகவைத்த வேளைக்கீரை. அதைத் தின்று பருக்கைக் கல்லில் பாயில்லாமல் படுப்பதைவிடத் தீ தனக்குத் தாமரைக் குளம்போலக் குளிரும் என்கிறாள்.

பழைய சோறு, எள்ளுத் துவையல், புளிக்கீரை. இன்றைக்கு நட்சத்திர ஓட்டலில் மண்சட்டியில் வைத்துப் பெருமையாகப் பரிமாறுகிற பட்டியல் இது. வேளைக்கீரையை இன்றும் எங்கள் பக்கம் புளி சேர்த்துக் கடைகிறார்கள். லேசான கசப்போடு அருமையாக இருக்கும். அவளுக்கு அது தண்டனையாகப்பட்டதற்குக் காரணம் கீரையில் இல்லை. இனி இது மட்டும்தான் என்று பிறர் விதித்ததில் இருந்தது. எளிய சாப்பாட்டின் சுகத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் (என்னையும் சேர்த்துத்தான்) இந்தப் பாட்டை ஒருமுறை படித்துவிட்டு எழுதலாம்.

உளுந்துக்கு வருகிறேன். நீங்கள் சேலத்தில் சாப்பிடுகிற இட்லியிலும் சிங்கப்பூரில் சாப்பிடுகிற மெதுவடையிலும் புதுக்கோட்டையின் பங்கு இருக்க வாய்ப்பு உண்டு. ஆலங்குடிப் பக்கம் வம்பன் என்று ஒரு ஊர். வேளாண் பல்கலைக்கழகத்தின் தேசியப் பயறு வகை ஆராய்ச்சி மையம் அங்கே இருக்கிறது. உளுந்துச் செடிக்குப் பெரிய எதிரி மஞ்சள் தேமல் நோய். வெள்ளை ஈ பரப்புகிற வைரஸ். வயலே மஞ்சளாகி விளைச்சல் போய்விடும். அந்த நோயைத் தாங்குகிற ரகங்களை வம்பனில் உருவாக்கி வம்பன் 8, வம்பன் 10, வம்பன் 11 என்று எண் போட்டு வெளியிட்டார்கள். 2016-ல் வந்த வம்பன் 8 ஏறக்குறைய எழுபது நாளில் அறுவடைக்கு வரும், காய்கள் ஒரே சமயத்தில் முற்றும். ஊர் பேரே ரகத்தின் பேராகி விவசாயிகள் வாயில் புழங்குகிறது.

உளுந்தின் மகிமை அதன் வழவழப்பில் இருக்கிறது. அரைத்த மாவு புளிக்கும்போது உண்டாகும் காற்றை அந்தப் பசை வெளியே விடாமல் பிடித்து வைக்கும்; இட்லி உப்புவது அதனால். வடைக்குப் புளிக்கவைக்க நேரமில்லை, அதனால் காற்றைக் கையால் அடித்து ஏற்ற வேண்டும். தண்ணீர் தெளித்துத் தெளித்து அரைத்த மாவைக் கையால் நன்றாக அடித்துவிட்டு, ஒரு துளி எடுத்துத் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டுப் பாருங்கள். மிதந்தால் எண்ணெயைக் காயவைக்கலாம். மூழ்கினால் இன்னும் அடிக்க வேண்டும். உப்பைக் கடைசியில் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் மாவு இளகி எண்ணெய் குடிக்கும். அன்றைக்கு மிஞ்சின வடைக்கு மறுநாள் தயிரில் கதிமோட்சம்.

செட்டிநாட்டுப் பக்கம் என்றாலே காரைக்குடி ஞாபகம் வரும். ஆனால் ராயவரம், அரிமளம், கோனாபட்டு, நச்சாந்துபட்டி, கடியாபட்டி எல்லாம் புதுக்கோட்டை மாவட்டத்தில்தான் இருக்கின்றன. அந்த ஊர்ச் செட்டியார் வீடுகளின் வெண்டைக்காய் மண்டியை மட்டும் இங்கே சொல்லிவிடுகிறேன். அரிசி கழுவின இரண்டாம் தண்ணீரில் புளியைக் கரைத்து, சின்ன வெங்காயம், பூண்டு, பச்சை மிளகாய், வேகவைத்த மொச்சை, வெண்டைக்காய் சேர்த்துக் கொதிக்கவிடுவார்கள். கீழே போகிற அரிசித் தண்ணீர் குழம்புக்குக் கொழுகொழுப்புத் தருகிறது. புளி வெண்டைக்காயின் கொழகொழப்பை முறிக்கிறது. வட்டிக் கடை வைத்துப் பர்மா வரை போனவர்கள் வீட்டில் கழனித் தண்ணீர் வீணாகவில்லை.

இனி டீ.

டீயின் குணம் துவர்ப்பு. நாக்கில் சுருக்கென்று ஒட்டி ஈரத்தை உறிஞ்சுகிற மாதிரி இருக்குமே, அது தேயிலையில் உள்ள பாலிஃபீனால் என்ற பொருள்கள் எச்சிலில் இருக்கும் புரதத்தைப் பிடித்துக்கொள்வதால் வருகிறது. வெறும் டிக்காஷனைக் குடித்தால் வாய் முழுக்க இழுக்கும். பால் விட்டதும் அந்த இழுப்பு குறைகிறது. பாலிஃபீனால்களைப் பிடித்துக்கொள்ள இப்போது பாலின் கேசீன் வந்துவிட்டது, நாக்கு தப்பித்தது. தயிரில் வலை பின்னின அதே கேசீன் இங்கே வேறு உத்தியோகம் பார்க்கிறது. 'ஸ்ட்ராங்', 'லைட்' என்று நாம் மாஸ்டரிடம் சொல்வதெல்லாம் இந்தப் பிடியை இறுக்கச் சொல்வதும் தளர்த்தச் சொல்வதும்தான்.

நம் கடைகளில் போடுவது தூள். இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டுகிற எந்திரம் 1930-களில் அசாமில் வந்தது. சி.டி.சி. என்று அதற்குப் பேர். அந்தக் குறுணைத் தூளில் வெந்நீர் பட்ட மாத்திரத்தில் சாயமும் துவர்ப்பும் இறங்கிவிடும். குறைந்த தூளில் நிறைய கிளாஸ் போடலாம், அதிலும் பால் விட்டால் தாங்கும். பாய்லருக்குப் பக்கத்தில் துணி வடிகட்டியில் தூளைப் போட்டு வெந்நீரை ஊற்றி, வடித்ததையே திரும்ப ஊற்றி எடுப்பார்கள். புதுத் தூள் போட்டு முதலில் இறங்குகிற டிக்காஷனில் மணமும் விறுவிறுப்பும் இருக்கும். அரை மணி நேரம் அந்தத் துணி ஊறிக்கொண்டே கிடந்தால் கசப்பு மட்டும் மிஞ்சும். ஆகவே கடைக்குப் போனால் மாஸ்டர் துணியை உதறுகிற சமயம் பார்த்துச் சொல்வது புத்திசாலித்தனம். ஆத்துவதும் வித்தை காட்ட மட்டும் செய்கிறதில்லை. கை உயர உயர டீ காற்றில் நீளமாக விழுந்து, வாய் வைக்கிற சூட்டுக்கு வந்து, நுரையும் கட்டுகிறது.

இந்த டீக்கும் எங்கள் மாவட்டத்துக்கும் உள்ள உறவு சுகமான கதை இல்லை. 1867-ல் ஜேம்ஸ் டெய்லர் இலங்கை லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். இரண்டு வருஷம் கழித்துக் காப்பிச் செடிகளில் துரு நோய் வந்தது. பத்திருபது வருஷத்தில் மலைநாடு முழுக்கக் காப்பி அழிந்து தேயிலை வந்தது. அந்தத் தோட்டங்களுக்குத் திருச்சி, மதுரை, ராமநாதபுரம், புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து கங்காணிகள் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனார்கள். மழை பொய்த்த வானம் பார்த்த பூமி. அவர்களுக்கு ஆள் கிடைப்பது கஷ்டமாக இல்லை. நூறு வருஷம் கழித்து, 1964-ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தின்படி, அப்படிப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் லட்சக்கணக்கில் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அவர்களுக்கு வேலை கொடுக்க 1968-ல் தமிழக அரசு நீலகிரியில் தேயிலைத் தோட்டம் போட ஆரம்பித்தது. பின்னால் அது டான்டீ ஆயிற்று. திருமயத்தில் ஒருவர் குடிக்கிற டீயின் கொழுந்தை, அதே திருமயத்திலிருந்து என்றோ கண்டிக்குப் போனவரின் கொள்ளுப்பேத்தி கோத்தகிரியில் கிள்ளியிருக்கலாம்.

டீ இங்கே பரவினது தானாக இல்லை. 1930-களில் தேயிலைச் சந்தையைப் பெருக்க அமைத்த வாரியம் ஆள் வைத்து, வண்டி வைத்து, இலவசமாக ஊற்றிக் கொடுத்துப் பழக்கியது. ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' படித்தவர்களுக்குத் தெரியும், காப்பி நடுத்தர வர்க்கத்தின் பானமாக உட்கார்ந்துகொண்டது. உழைக்கிறவர்களின் பானமாக டீ தெருமுனைக்கு வந்தது. எந்தச் சாதிக்காரரும் காசு கொடுத்துப் பெஞ்சில் உட்காரலாம் என்பது டீக்கடை கொண்டுவந்த புதுமையாக இருந்திருக்க வேண்டும். பல ஊர்களில் அப்படி இருக்கவில்லை. 2022 டிசம்பர் கடைசியில், எங்கள் மாவட்டத்து வேங்கைவயலில் பட்டியல் சமூகத்தினரின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரிந்து விசாரிக்கப் போன அன்றைய ஆட்சியர் கவிதா ராமு, அங்கே இறையூர் டீக்கடையில் இரட்டைக் குவளை இருந்ததையும் கண்டார். வழக்குப் பதிவாயிற்று. பாலும் தூளும் சர்க்கரையும் ஒன்று, மாஸ்டர் ஒருவர், கிளாஸ் மட்டும் இரண்டு. இதை விட்டுவிட்டுப் புதுக்கோட்டை டீயின் மணத்தைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை.

கடைசியாக டீயும் சாப்பாடும் ஒரே வயிற்றில் சந்திக்கிற இடம். எச்சில் புரதத்தைப் பிடிக்கிற பாலிஃபீனால் இரும்புச் சத்தையும் பிடிக்கும். முருங்கைக்கீரை, பருப்பு, கேழ்வரகில் இருக்கும் இரும்பு கறியில் இருப்பதைப் போல எளிதில் உடம்பில் சேராது. அதற்கு மேல் சாப்பிட்ட கையோடு ஒரு ஸ்ட்ராங் டீ குடித்தால் சேர வேண்டியதில் பெரும்பகுதி வீணாகிவிடும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வுப்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை. ஆகவே இது சின்ன விஷயம் இல்லை. எலுமிச்சையிலும் நெல்லிக்காயிலும் உள்ள வைட்டமின் சி இதற்கு நேர்மாறான வேலை செய்கிறது, இரும்பு உடம்பில் சேர வழிவிடுகிறது. துவர்ப்பு பூட்டுவதைப் புளிப்பு திறக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம், அந்தப் புளிப்பு எலுமிச்சைப் புளிப்பாக இருக்கும் பட்சத்தில். புளியிலும் தயிரிலும் அந்த வைட்டமின் மிகக் குறைவு. எலுமிச்சையையும் அடுப்பை அணைத்த பிறகு பிழிய வேண்டும். கொதியில் வைட்டமின் சிதையும். கீரைக் கூட்டுக்கும் பாசிப்பருப்புக்கும் இறக்கி வைத்துப் பிழிகிற அரை மூடிக்குச் செலவு அதிகமில்லை.

டீயை விட வேண்டும் என்று சொல்ல நான் யார்? சாப்பாட்டிலிருந்து ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடித்தால் போதும். நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்கள் கண்மாய்க் கரையில் பதினோரு மணிக்குத் தூக்குவாளியில் வருகிற டீயைக் குடிக்கிறார்கள். காலைப் பழையது செரித்தாயிற்று, மதியச் சோற்றுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. சாயங்காலம் நாலு மணி டீயும் அப்படித்தான். மதியம் சாப்பிட்டுக் கை கழுவின ஈரத்தோடு 'ஒரு டீ போடேன்' என்று கேட்கிற பழக்கம் எங்களைப் போல ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்களிடம்தான் இருக்கிறது.